குதிரைக்குக் கூடிப்போன சத்து

சென்ற மாதம் மகள் வீட்டு நாய்க்கு உண்ணி மருந்து வாங்க, கொச்சி பள்ளுருத்தியில் புதிதாகத் திறந்திருக்கும் கால்நடை மருந்துக் கடைக்குப் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டே போக வேண்டியிருந்தது. அந்த எரிச்சலோடுதான் கடைப்படி ஏறினேன். அலமாரியில் குதிரைப் படம் போட்ட டப்பாக்கள் மட்டும் பதினொன்று இருந்தன. எதையும் எண்ணாமல் நிற்க என்னால் முடியாது. முடி மினுங்க ஒன்று, குளம்பு உறுதிப்பட ஒன்று, பசிக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பதினொன்றில் ஏழு டப்பாக்களின் முதுகில் ஏறக்குறைய ஒரே சத்துகள்தாம் அச்சாகியிருந்தன.

"ஒரே குதிரைக்கு இதுல ரெண்டு வாங்கறவங்க உண்டா?" என்று கடையில் நின்ற பெண்ணைக் கேட்டேன்.

"ரெண்டா? நாலு வாங்கறவங்களே உண்டு அங்கிள்" என்றாள் அவள், பெருமையாக.

வீடு வந்து சேரும்வரை அந்த நாலு என்னை விடவில்லை. எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி இளைய மருந்தாளுநர்கள் மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் முழங்கால் வலியைச் சொல்லித் தட்டிக் கழித்திருந்தேன். இப்போது எழுதுகிறேன். வலி அப்படியேதான் இருக்கிறது.

மட்டாஞ்சேரியில் குதிரையா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். நான் 1972இல் கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டராகச் சேர்ந்தபோது, எங்கள் கைக்கு வந்துபோன குதிரைகள் பதினான்கு. பஜாரிலிருந்து மூட்டை ஏற்றும் வண்டிகளுக்கு ஆறு, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் மூன்று, மீதி ஐந்தும் வசதியுள்ள வியாபாரிகள் ஆசைக்கு வளர்த்தவை. மாடும் ஆடும் கோழியும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ஆனால் நான் படித்துக்கொண்டது பெரும்பாலும் குதிரையிடம்தான். மாடு எதையும் அசைபோட்டுச் சமாளிக்கும். குதிரையிடம் அந்தத் தாராளம் கிடையாது.

என் பயிற்சியைப் பற்றி எழுத அதிகமில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். திருச்சூரில் கம்பவுண்டர் வேலைக்குப் படித்தேன். அங்கே மெஸ்ஸில் சாம்பார் தண்ணீராக இருந்தது. திரும்பி வந்து டாக்டர் சாக்கோவிடம் சேர்ந்து பதினேழு வருடம் இருந்தேன்.

கொச்சங்காடியில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றின் முன்னறைதான் அவருடைய மருத்துவமனை. எந்த மருந்தைத் திறந்தாலும் முதலில் சுக்கு மணக்கும். டாக்டர் திருப்பூணித்துறைக்காரர். அங்கிருந்து பஸ்ஸில் எர்ணாகுளம், அங்கிருந்து படகில் மட்டாஞ்சேரி, படகுத்துறையிலிருந்து நடை. குடையை மழைக்கும் விரிப்பார், வெயிலுக்கும் விரிப்பார், கடிக்க வரும் நாய்க்கும் விரிப்பார். ஒல்லியான மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அவசரப்பட்டும் பார்த்ததில்லை. அதனாலேயே எனக்கு அவரோடு போவது பெரிய அவஸ்தையாக இருக்கும். கடைசிப் படகைப் பற்றி அவர் கவலைப்பட மாட்டார், நான்தான் பட வேண்டும்.

லாயத்துக்குப் போனால் அவர் குதிரையைத் தொடமாட்டார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தீவனத் தொட்டிக்கு எதிரே உட்காருவார். ஒரு சாயா குடித்து முடிக்கும் நேரம் குதிரை தின்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எழுந்து தொட்டியின் அடியில் மிச்சமிருப்பதைக் கையில் அள்ளிப் பார்ப்பார். அதற்குப் பிறகு சாணம். அதற்கும் பிறகுதான் குதிரை. "எழுதறதுக்கு முன்னால பாக்கணும் கம்பவுண்டரே. பாக்கறதுக்கு முன்னால உக்காரணும்" என்பார்.

எடைதான் என் பங்கு. எல்லா லாயத்திலும் சிகரெட் டின்னால் அளப்பார்கள். ஒரு டின் கொள்ளும் ஒரு டின் தவிடும் ஒரே அளவு என்று நினைப்பார்கள். ஒரு தொங்கு தராசைக் கொண்டுபோய் இரண்டையும் தூக்கிக் காட்டுவது என் வேலை. கொள்ளு டின் கீழே இறங்கும், தவிட்டு டின் ஆடிக்கொண்டே நிற்கும். அதைப் பார்த்ததும் வண்டிக்காரர்கள் என்னவோ நான் தராசில் வித்தை செய்துவிட்டதுபோல் முறைப்பார்கள். குதிரையை நிறுக்க எங்களிடம் தராசு கிடையாது. தையற்கார நாடாவால் நெஞ்சுச் சுற்றளவையும் உடல் நீளத்தையும் அளந்து, பெருக்கி, எடையைக் கணக்கிடுவோம். அந்த எடை தெரியாமல் ஒரு சிட்டிகை மருந்துகூட டாக்டர் எழுதியதில்லை.

புதிதாக எந்தப் பொடி வந்தாலும் அதைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழக்கம். அதன் அருமை ஒரு முறை நன்றாகத் தெரிந்தது. அந்தோணி என்ற வண்டிக்காரரின் குதிரைக்கு இரண்டு கன்ன எலும்புகளும் வீங்கியிருந்தன. ஒரு நாள் முன்னங்கால் நொண்டும், மறுநாள் பின்னங்கால். அரிசி மில் பக்கத்திலேயே இருந்ததால் அவர் அதற்குத் தவிட்டைத் தவிர வேறெதுவும் போடுவதில்லை. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கிறது. எலும்பு இளகி வீங்குகிறது. தவிட்டைப் பாதியாகக் குறைத்து, புல்லைக் கூட்டி, சுடாத சிப்பியை அரைத்த பொடியைத் தினமும் கொஞ்சம் சேர்க்கச் சொன்னார் டாக்டர். அந்தோணி வாங்கிவந்தது சூளையில் சுட்ட சிப்பி, சுவருக்கு அடிக்கிற வகை. டம்ளரில் போட்டதும் தண்ணீர் கொதித்தது. பிடித்திருந்த நான் டம்ளரைக் கீழே போட்டேன்.

"அது அவன் வயித்துல நடந்திருக்கும்" என்று குதிரையைக் காட்டினார் டாக்டர். அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார். சரியான பொடியும் புல்லும் போன பிறகு நொண்டல் நின்றது. கன்னத்து வீக்கம் முழுதும் வற்றவில்லை. எலும்பு அப்படித்தான், நடந்ததை மறக்காது.

இதெல்லாம் குறைவினால் வந்த நோய். குறைவைக் கண்டுபிடிப்பது எளிது, சேர்த்தால் தீரும். நான் எழுத வந்தது சாந்தினியைப் பற்றி.

சாந்தினி வெள்ளைப் பெண்குதிரை. சொந்தக்காரர் ஒரு குஜராத்தி மிளகு வியாபாரி. ஊரே அவரைச் சேட்டு என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே எழுதுகிறேன். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். தராசில் மிளகு விழும் சத்தத்தை வைத்தே ஈரம் சொல்லக்கூடியவர். அவர்கள் சமூகத்தில் மாப்பிள்ளை குதிரை மேல்தான் ஊர்வலம் வருவார். அந்தக் குதிரை எப்போதும் சாந்தினிதான். வாடகை கிடையாது, பெருமை மட்டும்.

அவளைப் பார்த்துக்கொண்டவர் காதர். பாலக்காட்டுத் தமிழ் முஸ்லிம். லாயத்துக்குப் பின்னால் இருந்த அறையில் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் குடியிருந்தார். பெண்கள் இருவரும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். வேலை போனால் வீடும் போகும், அந்த வருடப் படிப்பும் போகும் என்ற நிலை.

எழுபத்தொன்பதில், சித்திரை விஷு கழிந்து சில நாளில், காதர் எங்கள் வாசலில் வந்து நின்றார். எப்போதும் யாரையாவது கேலி செய்துகொண்டே உள்ளே வருகிற மனிதர், அன்று நடைவாசலைத் தாண்டவில்லை.

"கம்பவுண்டரே, சாந்தினிக்கு முடி கொட்டுது. பிரஷ் போட்டா கொத்துக் கொத்தா வருது. தோல்ல தவிடு மாதிரி உதிருது. சேட்டு என்னைக் கள்ளன்னு சொல்லிட்டாரு."

"எதைக் களவெடுத்தீராம்?"

"எண்ணெயை. சுறா எண்ணெயை. பாதியை வெளிய வித்துட்டு, மீதியில தண்ணி கலக்கறேனாம். இந்த மாசக் கடைசியோட அறையைக் காலி பண்ணணுமாம்."

சுறா ஈரல் எண்ணெய் எங்கள் ஊரில் தண்ணீர்பட்ட பாடு. துறைமுகத்தில் சுறா இறங்குகிறது, பக்கத்திலேயே எண்ணெய் எடுக்கிறார்கள். குழந்தைக்கு, காசநோய்க்காரருக்கு, சண்டைக் கோழிக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். குதிரையின் முடி மினுங்க ஒரு கரண்டி ஊற்றுவது கொச்சிக்காரர்களின் பழக்கம். வேறு ஊரில் இத்தனை மலிவாகக் கிடைக்காது, அதனால் இந்தத் தவறும் நடக்காது.

மறுநாள் காலை டாக்டரும் நானும் போனோம். சாந்தினியைப் பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வெள்ளை முடி பழைய பாய் மாதிரி வெளுத்து விறைத்திருந்தது. பிடரியில் மூன்று இடத்தில் வழுக்கை. கழுத்தைத் திருப்பச் சொன்னால் உடம்போடு சேர்ந்து திரும்பினாள். நடை மரக்கால் நடை.

சேட்டு தம் குமாஸ்தாவோடு வந்தார். "டாக்டர் சாப், நான் வாங்கறது முதல் தரம் எண்ணெய். பாருங்க என் குதிரையை. எண்ணெய் உள்ள போயிருந்தா இப்படி இருக்குமா? நீங்களே சொல்லுங்க. சத்து பத்தலை. இவன் வயித்துல போச்சா, சந்தையில போச்சா தெரியலை."

"என் வயித்துல போயிருந்தா என் மண்டையில முடி மொளச்சிருக்குமே சேட்டே" என்றார் காதர், தம் வழுக்கையைத் தடவிக்கொண்டு. சிரிப்பதற்காகச் சொன்னதுதான். குரல் சிரிக்கவில்லை.

குமாஸ்தா மட்டும் சிரித்துவிட்டு, சேட்டின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் இன்னைக்கு இங்கேயே இருக்கேன். யாரும் எனக்காக எதையும் மாத்த வேண்டாம். தினம் நடக்கறது நடக்கட்டும்" என்றார். எனக்குப் படகுக் கவலை அப்போதே தொடங்கிவிட்டது.

அன்று பார்த்ததை வரிசையாகவே சொல்கிறேன். காலையில் காதர் கொள்ளையும் தவிட்டையும் பிசைந்து, சேட்டு வாங்கிய தகரத்திலிருந்து எண்ணெயை ஊற்றினார். ஊற்றுவதற்கு முன் குமாஸ்தாவைக் கூப்பிட்டு நிற்கவைத்து, கரண்டியை அவர் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டி, "பாத்துக்கோ, ஒண்ணு" என்று ஊற்றினார். பிறகு "பாத்துக்கோ, ரெண்டு."

"ரெண்டா? போன வருஷம் நான் சொன்னது ஒரு சின்னக் கரண்டி. அதுவும் மழைக்கு முன்னால, புல்லு காஞ்சு கிடக்கற மாசத்துக்கு மட்டும்" என்றார் டாக்டர்.

"சந்தேகம் வந்ததுலேர்ந்து ரெண்டு ஊத்தறேன் சாரே. குறைச்சுட்டேன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது பாருங்க."

மதியம் தண்ணீர் காட்டிய பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொள்ளில் தூவினார். அது எங்கள் பொடி. தாது உப்பும் வைட்டமினும் கலந்து நானே கட்டித்தருவது. சேட்டின் வீட்டுக்கு மாதந்தோறும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. எப்போது தொடங்கினோம், இன்னும் தேவையா என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பொட்டலத்தைப் பார்த்தேன்.

சாயங்காலம் கடை அடைத்ததும் சேட்டே வந்தார். ஜிப்பாப் பையிலிருந்து ஒரு வெல்ல உருண்டையை எடுத்தார். சாந்தினி அதுவரை எதற்கும் காது உயர்த்தாதவள், அவர் செருப்புச் சத்தத்துக்கு உயர்த்தினாள். உள்ளங்கையில் வைத்து ஊட்டினார். உருண்டைக்குள் மஞ்சளாக என்னவோ இருந்தது.

"அது என்ன சேட்டே?" என்று டாக்டர் கேட்டார்.

"இது ஒண்ணுமில்லே டாக்டர் சாப். கிறிஸ்துமஸ் சமயத்துல ஒரு கப்பல் கேப்டன் கொடுத்தான். வெளிநாட்டுச் சரக்கு. பந்தயக் குதிரைக்குக் கொடுக்கறது. கொஞ்சந்தான், ஒரு ஸ்பூன்."

"அதையும் கொண்டாங்க."

எண்ணெய்த் தகரம், எங்கள் பொட்டலம், கப்பல் டப்பா, மூன்றையும் டாக்டர் தரையில் வரிசையாக வைத்தார். குதிரையை நாங்கள் அளந்த கணக்கு என் பையில் இருந்தது. ஒவ்வொன்றிலும் உள்ள ஏ வைட்டமின் அளவை அவர் சொல்ல, நான் அவள் எடைக்கு அதை வகுத்தேன். முதலாவதிலேயே வேண்டியதைப் போல் பல மடங்கு இருந்தது. இரண்டாவது பரவாயில்லை, அதனால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மூன்றாவதைக் கூட்டியதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

"இவ்வளவுதானா? வேற ஏதாவது உள்ள போகுதா?" என்று டாக்டர் கேட்டார்.

பிறகு காதர் எழுந்து தம் அறைக்குள் போனார். கட்டிலுக்கு அடியில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. அரிஷ்ட பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மூன்றின் பக்கத்தில் நான்காவதாக வைத்தார். பாதிவரை எண்ணெய்.

சேட்டு துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! பாத்தீங்களா டாக்டர் சாப்! நான் சொன்னேனா இல்லையா?"

"சேட்டே, அது உங்க எண்ணெய் இல்லை" என்றார் காதர். "தோப்பும்படியில மீன்காரி கிட்ட வாங்கினது. என் சம்பளத்துல. ராத்திரித் தீவனத்துல ஊத்தறேன். நீங்க கள்ளன்னு சொன்னீங்க. குதிர தேறிட்டா அந்தப் பேரு போயிடும்னு நெனச்சேன்."

டாக்டர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். எங்களுக்கும் காட்டினார். சேட்டின் தகரத்தில் இருந்தது சுத்திகரித்த வெளிர் எண்ணெய். இது கறுத்து, குழம்பாக, மூக்கில் அடித்தது. யார் நினைத்தாலும் ஒன்றை மற்றதாகக் காட்ட முடியாது. மிளகைத் தொட்டே ஊரைச் சொல்கிற சேட்டுக்கு இரண்டும் ஒன்றல்ல என்று தெரிய முகரக்கூட வேண்டியிருக்கவில்லை.

அவர் மெல்ல உட்கார்ந்தார்.

டாக்டர் அப்போது சொன்னதை நான் எத்தனையோ பேரிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். குரல் உயரவில்லை. "சேட்டே, இந்தக் குதிரைக்குச் சத்துப் பத்தாமப் போகலை. சத்து கூடிப்போய் நோவு வந்திருக்கு. இந்தக் காதர் நீங்க சொன்ன மாதிரி பாதி எண்ணெயைக் களவெடுத்து வித்திருந்தா, உங்க குதிர இப்ப நல்லா இருந்திருக்கும்."

இதைப் படிக்கும் இளைய நண்பர்களுக்காக இங்கே சற்று நிற்கிறேன். ஏ வைட்டமின் குறைந்தால் முடி விறைக்கும், தோல் உதிரும், உடல் தளரும். கூடினாலும் அதுவேதான். இரண்டும் ஒரே முகத்தோடு வரும். பச்சைப் புல் தின்னும் குதிரை, புல்லில் உள்ள மஞ்சள் சத்திலிருந்து தனக்கு வேண்டிய ஏ வைட்டமினைத் தானே செய்துகொள்ளும். போதும் என்றால் நிறுத்திக்கொள்ளும். எண்ணெயிலும் டப்பாவிலும் இருப்பது செய்து முடித்த சரக்கு. அதை மறுக்க உடம்புக்கு வழியில்லை. சில சத்துகள் மிஞ்சினால் சிறுநீரோடு போய்விடும், இது போகாமல் ஈரலில் தங்கும். முடி மங்கியது என்று ஊற்றினார்கள். ஊற்றியதால் மேலும் மங்கியது. மங்கியதால் சந்தேகம் வந்தது. சந்தேகத்தைப் போக்க இன்னும் ஊற்றினார் ஒரு நேர்மையான மனிதர். பூரான் கடிக்கு ஆளாளுக்கு ஒரு மருந்து தடவுகிற மாதிரி, ஒரு வாளியை நான்கு வழியில் நிரப்பினோம். அதில் ஒரு வழி எங்களுடையது.

"மருந்து எழுதிக் கொடுங்க" என்றார் சேட்டு.

"மருந்து இல்லை. நாலையும் நிறுத்தணும். பச்சைப் புல்லு, கொள்ளு, கொஞ்சம் தவிடு, தண்ணி. அது மதி, அது போதும்."

"ஒண்ணும் கொடுக்காம எப்படித் தேறும்?"

"ஈரல்ல இருக்கறது கரையணும். மாசக் கணக்காகும். கரைஞ்சா தேறும்."

காதர் குறுக்கிட்டார். "சாரே, நீங்க சொன்னா நான் நிறுத்தமாட்டேன். கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு எண்ணெய் மிச்சமிருந்தா ஏன் ஊத்தலைன்னு கேப்பாங்க, இல்லாமப் போனா எங்க போச்சுன்னு கேப்பாங்க. சொல்ல வேண்டியவங்க சொல்லட்டும்."

எல்லோரும் சேட்டைப் பார்த்தோம். குமாஸ்தா வேறு பக்கம் பார்த்தார். சேட்டுக்கு வார்த்தை சுலபமாக வரவில்லை. மிளகு பேரத்தில் அவர் திணறி நான் கண்டதில்லை.

"காதர், எண்ணெய் வேண்டாம். நான் சொல்றேன்" என்றார். அப்புறம், குமாஸ்தாவிடம் திரும்பி, "நீயும் கேட்டுக்கோ. நான் வாங்கினது முழுக்க குதிரைக்குள்ளதான் போயிருக்கு."

அறையைக் காலி செய்யும் பேச்சு அதோடு நின்றது என்று நினைத்தேன். நிற்கவில்லை. தேறினால் பார்க்கலாம் என்றார் சேட்டு. காதரின் மனைவி பாதி கட்டிய மூட்டையை அப்படியே வைத்திருந்தார். அவிழ்க்கவுமில்லை, முடிக்கவுமில்லை.

அந்த வாரங்களில் நான்கு சாமான்களும் எங்கள் மருத்துவமனை அலமாரியில் பூட்டிக் கிடந்தன. நாளுக்கு இருமுறை பூட்டை இழுத்துப் பார்ப்பேன். லாயத்துக்குப் போய்ப் புல்லை எடைபோட்டுத் தருவேன், பிரஷ்ஷில் வந்த முடியைத் தடவிப் பார்ப்பேன். குறைவதாகத் தெரியவில்லை. மழை தொடங்கியது. புல் தாராளமாகக் கிடைத்தது. சாந்தினி அதே மரக்கால் நடை நடந்தாள். டாக்டரோ எதுவும் நடக்காததுபோல் குடையை விரித்துக்கொண்டு மாடு பார்க்கப் போய்விடுவார்.

ஒரு நாள் காலையில் காதர் மருத்துவமனைக்குள் நேராக வந்தார். நடைவாசலில் நிற்கவில்லை. முகத்தில் பழைய குறும்பு.

"கம்பவுண்டரே, கள்ளனைப் பிடிச்சிட்டேன்."

"யாரு?"

"வந்து பாருங்க."

போனோம். சாந்தினியின் கீழுதட்டு மயிரில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. கப்பல் டப்பாவின் மஞ்சள். டப்பா எங்கள் பூட்டுக்குள் இருந்தது. அதற்கு முன்பே ஒரு காகிதத்தில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார் சேட்டு. கூப்பிட்டனுப்பியதும் வந்தார். உதட்டைக் காட்டினார் டாக்டர். சேட்டு கையை ஜிப்பாவில் துடைத்துக்கொண்டார், துடைத்த இடமும் மஞ்சளானது.

"சாரே, கள்ளனுக்கு மாசக் கடைசி வரைக்கும் டைம் கொடுக்கலாமா, இல்லை இன்னைக்கே அறையைக் காலி பண்ணச் சொல்லலாமா?" என்றார் காதர்.

ஒரு கணம் நான் பயந்தேன். சேட்டு தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன், இல்லை.

"தினம் கடை அடைச்சுட்டு இங்கதான் வரேன்" என்றார். "என் செருப்புச் சத்தம் கேட்டு இவ காது தூக்கறா. கையில ஒண்ணுமில்லாம எப்படிப் போய் நிக்கறது காதர்? நீயே சொல்லு."

காதரும் சும்மா இருக்க முடியாமல் எண்ணெய் வாங்கி ஊற்றியவர்தானே.

டாக்டர் வாளியிலிருந்து எழுந்தார். "உப்பு கொடுங்க" என்றார். "கல்லுப்பு. உள்ளங்கையில கொஞ்சம் வெச்சா நக்கும். நம்ம ஊரு வேர்வைக்கு இவளுக்கு உண்மையிலேயே தேவைப்படற ஒரே சத்து அதுதான். பக்கத்துல தண்ணி இருக்கணும். ஆனா ஒரு காரியம். இனி இந்த வாளிக்குள்ளயும் இவ வாய்க்குள்ளயும் என்ன போகுதுன்னு ஒரே ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும். மத்தவங்க எல்லாம், நான் உள்பட, அந்த ஆளைக் கேட்டுட்டுத்தான்."

"எந்த ஆளு?" என்று கேட்டார் சேட்டு.

டாக்டர் குடையை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் மருத்துவமனையின் முதல் கேள்வி மாறியது. அதுவரை "என்ன கொடுக்கறீங்க?" என்று கேட்போம். பிறகு "யார் யார் கொடுக்கறீங்க?" என்று கேட்டோம். நாய்க்கும் கேட்டோம், கறவை மாட்டுக்கும் கேட்டோம். மாதந்தோறும் தானாகப் போகும் பொட்டலங்களையும் நிறுத்தினோம். விலங்கைப் பார்க்காமல் ஒரு பொட்டலம்கூட நான் கட்டவில்லை. இந்த ஒரு கேள்வியால் எத்தனை டப்பாக்களை நிறுத்தியிருக்கிறோம் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். சொன்னால் மருந்துக் கடைக்காரர்கள் வருத்தப்படுவார்கள்.

ஆடி முடியும் சமயத்தில் சாந்தினியின் வழுக்கையில் பூனை மயிர்போல் மெல்லியதாக ஏதோ தெரிந்தது. நான் வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தேன். விரலால் எதிர்ப்பக்கம் தடவினேன். முடிதான். காதரின் மனைவி அந்த மூட்டையை அன்று அவிழ்த்தார். உள்ளே இருந்த பாத்திரங்களின் சத்தம் லாயம்வரை கேட்டது. ஓணத்துக்குக் கழுத்து திரும்பியது. தீபாவளிக்கு முன் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு நடந்தாள். முன்போல் கண் கூசும் வெள்ளை இல்லை. ஆனால் முடி படிந்திருந்தது, நடை நடையாக இருந்தது.

அதற்குச் சில நாள் கழித்து, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன் லாயத்துக்குள் எட்டிப் பார்த்தேன். காதர் குளம்பு சுத்தம் செய்துகொண்டிருந்தார். செருப்புச் சத்தம் கேட்டது. சாந்தினி காது உயர்த்தினாள். சேட்டு வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றார். ஜிப்பாப் பைக்குள் கை மூடியிருந்தது.

"காதர், உப்பு கொடுக்கட்டுமா?"

காதர் நிமிரவில்லை. பிடித்திருந்த குளம்பை முடித்து மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்து வாளிக்குள் பார்த்தார், தொட்டிக்குள் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"காலையில தவிட்டுல போட்டாச்சு சேட்டே. இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு வாங்க."

"சரி" என்றார் சேட்டு. உள்ளே வந்து, வெறும் கையால் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.